பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமைகள்

ஒரு வாரத்துக்கு எத்தனை நாள்?

ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் ஏழு என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விடும். நம் நாட்டிலோ இந்தக் கேள்வி கோயம்புத்தூர் லேபர் கோர்ட்டில் கிளம்பி, சென்னை ஹைகோர்ட்டில் ஏறி, கடைசியில் டில்லி சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போயிருக்கிறது. நீதிபதிகள் அகராதியைப் புரட்டிப் பார்த்திருக்கிறார்கள். விடை கிடைக்க ஏறக்குறையப் பத்து வருஷம் ஆயிற்று.

விஷயம் இதுதான். கோயம்புத்தூர் மாவட்டத்து மவுண்ட் ஸ்டுவர்ட் எஸ்டேட்டில் கூலி வேலை பார்த்த ஒரு பெண்ணுக்கு 1967 டிசம்பரில் பிரசவம் ஆயிற்று. 1961ஆம் வருஷத்துப் பிரசவ கால உதவிச் சட்டப்படி அவளுக்குப் பன்னிரண்டு வாரத்துக் கூலி சேர வேண்டும். பன்னிரண்டை ஏழால் பெருக்கினால் 84 நாள். எஸ்டேட் நிர்வாகம் கொடுத்ததோ 72 நாள் கூலி. மீதி எங்கே என்றாள். மீதிப் பன்னிரண்டும் ஞாயிற்றுக்கிழமை என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் வேலை கிடையாது; வேலை இல்லாத நாளைக்குக் கூலி கிடையாது; கூலி கிடையாத நாளைக்கு உதவிப் பணம் மட்டும் எங்கிருந்து வரும்?

தர்க்கம் என்று பார்த்தால் நல்ல கெட்டியான தர்க்கம். நம் ஊர்க் கணக்குப்பிள்ளைகள் கேட்டால் மெச்சிக்கொள்வார்கள். ஆனால் அந்தக் கணக்கை எழுதியவர் மனசில் இருந்தது யார் என்று யோசித்துப் பாருங்கள். பத்து நாள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டிருந்த ஒரு தாயா? அல்லது அன்றைக்கு வேலைக்கு வராமல் போன ஒரு கூலியாளா? குழந்தை ஞாயிற்றுக்கிழமை பால் குடிக்காமல் இருந்ததா, தாய்க்குத்தான் அன்றைக்குப் பசிக்காமல் இருந்ததா என்று அவர் யோசித்திருக்க மாட்டார். அவருடைய பேரேட்டில் அதற்கெல்லாம் கட்டம் கிடையாது.

தீர்ப்பு என்ன ஆயிற்று என்பதை அப்புறம் சொல்கிறேன். அதற்கு முன்னால், பிள்ளை பெற்றவளுக்கு ஓய்வு வேண்டும் என்பது எல்லோரும் ஒப்புக்கொள்கிற சங்கதியாயிருக்க, அந்த ஓய்வுக்குப் பணம் யார் கொடுப்பது என்ற கேள்வி எப்படியெல்லாம் கைமாறி வந்தது என்ற கதையைச் சொல்ல வேண்டும். இந்தச் சட்டத்தின் சரித்திரம் முழுவதும் அந்த ஒரு கேள்வியின் சரித்திரம்தான் என்பது என் அபிப்பிராயம்.

நம்முடைய வீடுகளில் இந்தக் கேள்வி எழுவதில்லை. ஏழாம் மாதம் வளையல் அடுக்கித் தாய் வீட்டுக்கு அழைத்து வந்துவிடுகிறோம். பிரசவ லேகியம், பத்தியச் சாப்பாடு, வெந்நீர் ஸ்நானம், கனமான பாத்திரத்தைத் தூக்காதே என்று அதட்டல், ஐந்தாம் மாதமோ ஆறாம் மாதமோ புக்ககம். சட்டம் எழுதுகிறவர்கள் வாரக் கணக்கில் பேரம் பேசிய ஓய்வை நம் பாட்டிமார்கள் மாதக் கணக்கில் கொடுத்தார்கள். செலவு தாய் வீட்டுத் தலையில். ஆனால் இதற்கெல்லாம் தாய் வீடு என்று ஒன்று இருக்க வேண்டும். அந்தத் தாய் வீட்டில் இருக்கவேண்டியவள் வேலைக்குப் போகாதவளாக இருக்க வேண்டும். கூலிக்காரியின் தாயும் கூலிக்காரி. மகளுக்குப் பத்தியம் வைக்க உட்கார்ந்தால் இரண்டு பேர் கூலி போகும். நம் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிறவள் எட்டாம் மாதம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றால், "பாவம், நின்றுகொள், வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன்" என்று தயவாகத்தான் சொல்கிறோம். அந்தத் தயவின் பெயர் வேலை நீக்கம் என்று நமக்குத் தோன்றுவதில்லை. 1961ஆம் வருஷத்துச் சட்டத்துக்கும் தோன்றவில்லை. வீட்டு வேலைக்காரி அதற்குள் வரவே இல்லை.

எங்கள் பக்கத்து ஊர்களைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால் மேலே சொல்லப்போவது விளங்கும். மங்களூர் என்றதும் கன்னட தேசத்துக் கடற்கரைப் பட்டணத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது விருத்தாசலத்துக்கு மேற்கே, கடலூர் ஜில்லாவின் மேற்குக் கோடியில் இருக்கிற மங்களூர். வெள்ளாற்றைத் தொழுதூரில் மறித்துத் தண்ணீரை வெலிங்டன் ஏரிக்குத் திருப்பியிருக்கிறார்கள். ஏரிக்குக் கீழே நிலம் உள்ளவன் நெல் பார்க்கிறான்; மேட்டுக்காரன் மக்காச்சோளமும் பருத்தியும் போட்டுவிட்டு வானத்தைப் பார்க்கிறான். மழை ஏமாற்றிய வருஷங்களில் மேட்டுச் சனம் பிழைக்கப் போகிற இடங்களில் விருத்தாசலம் ஒன்று. (கன்னட மங்களூருக்கும் மண்ணைச் சுடுவதில் பேர் உண்டு. 1865இல் பாசல் மிஷன் பாதிரிமார்கள் அங்கே தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து பரவியதுதான் நம் தாத்தா வீட்டுக் கூரைகளில் இருந்த மங்களூர் ஓடு. பேர்ப் பொருத்தம் அவ்வளவுதான்.)

விருத்தாசலத்தில் பழமலைநாதரை அடுத்துப் பேர் வாங்கியது பீங்கான். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே படிந்து கிடக்கிற வெள்ளைக் களிமண் பக்கத்திலேயே கிடைக்கிறது. அதை வைத்துப் பீங்கான் தொழிற்பேட்டை வந்தது. அந்தத் தொழிலைக் கற்பிக்கச் சர்க்கார் பள்ளி வந்தது. பியூஸ் கட்டை, ஜாடி, கொலு பொம்மை, அகல் விளக்கு என்று பலதும் செய்கிறார்கள். பொம்மைப் பட்டறையில் பெண்கள்தாம் அதிகம். மண்ணைக் கூழாகக் கரைத்துப் பாரிஸ் சாந்து அச்சில் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ள, மண் ஓடாகப் பிடிக்கும். மிச்சக் கூழைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு அச்சைப் பிரித்தால் உள்ளே பிள்ளையாரோ கிருஷ்ணனோ ஈரமாக உட்கார்ந்திருப்பார். பொருத்துத் தழும்பைக் கத்தியால் சுரண்டி, ஈரப் பஞ்சால் துடைத்து, காயவைத்து, சூளையில் சுட்டு, பூச்சுக் கொடுத்து, மறுபடி சுட வேண்டும். பெரிய அச்சு கூழோடு சேர்ந்தால் ஒரு குடம் தண்ணீர் கனம் இருக்கும். காய்ந்த மண்ணைச் சுரண்டினால் கிளம்புகிற தூசி நெஞ்சில் போய்த் தங்கும். சூளையடியில் நிற்கிற வெப்பத்தைச் சொல்லவே வேண்டாம். வயிற்றில் பிள்ளையோடு குந்தி உட்கார்ந்து செய்கிற வேலையா இது என்றால், இல்லை. ஆனால் செய்கிறார்கள்.

பீங்கான் வேலைக்கும் பிள்ளைப்பேற்றுச் சட்டத்துக்கும் உறவு ஆரம்பித்தது இங்கிலாந்தில். ஸ்டாஃபோர்ட்ஷையர் என்ற சீமை மாவட்டம் முழுக்கப் பீங்கான் சூளை. நம் கலெக்டர் துரைமார்கள் டீ குடித்த கோப்பைகளில் பாதிக்கு மேல் அங்கே சுட்டதாகத்தான் இருக்கும். அந்தக் கோப்பையின் பளபளப்புக்கு அந்தக் காலத்தில் ஈயம் சேர்ப்பார்கள். பூச்சில் தோய்க்கிறதும், தோய்த்ததைத் துடைக்கிறதும் பெரும்பாலும் பெண்கள். 1893 முதல் அங்கே பெண் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர்கள் வந்தார்கள். அதுவரை ஆண் இன்ஸ்பெக்டர்களிடம் வாய் திறக்காத பெண்கள் இவர்களிடம் பேசினார்கள். 1897இல் ஈய விஷம் தாக்கிய 77 மணமான பெண்களை விசாரித்து ஒரு கணக்கு எடுத்தார்கள். 8 பெண்களுக்கு 21 குழந்தைகள் செத்துப் பிறந்திருந்தன. 35 பெண்களுக்கு 90 தடவை கரு கலைந்திருந்தது. அந்த 35 பேரில் 15 பேர் ஒரு பிள்ளையைக்கூட உயிரோடு பெறவில்லை.

ஈயம் அப்படிப்பட்ட சத்துரு. எலும்பில் போய்ச் சுண்ணாம்போடு சுண்ணாம்பாகத் தங்கிவிடும். பிறகு கருவுக்கு எலும்பு கட்ட வேண்டித் தாயின் எலும்பிலிருந்து சுண்ணாம்பு கரையும்போது அதுவும் கூடக் கரைந்து ரத்தத்தில் வந்து, கொடி வழியாகப் பிள்ளைக்குப் போய்ச் சேரும். வேலையை விட்டு வருஷங்கள் ஆன பிறகும் இது நடக்கும். அன்றைக்கே ஈயமில்லாத பூச்சுக்கு வழி உண்டு என்று நிபுணர்கள் சொன்னார்கள். முதலாளிகள் விலையைச் சொல்லிக் கையை விரித்தார்கள். ஈயத்தை வெளியே அனுப்புவதைவிடப் பெண்ணை வெளியே அனுப்புவது சுலபமாக இருந்தது. ஆபத்தான பிரிவுகளிலிருந்து பெண்களையும் இளசுகளையும் விலக்கும் விதிகள் வந்தன. விலக்கப்பட்டவள் என்ன சாப்பிடுவாள் என்று அந்த விதிகள் கேட்கவில்லை.

பிரசவத்திலும் அதே கதைதான். 1891இல் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் ஒரு சட்டம் போட்டது: பிள்ளை பெற்ற நான்கு வாரத்துக்கு எந்த முதலாளியும் தெரிந்து அவளை வேலைக்கு வைக்கக் கூடாது. ரொம்ப நல்லது. ஆனால் அந்த நான்கு வாரத்துக்குக் கூலி? அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. பட்டினி கிடக்கப் பிடிக்காதவள் பிரசவ தேதியை மாற்றிச் சொல்லிவிட்டு வேலைக்கு வந்தால் அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஜெர்மானியர்கள் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர்கள். 1878இல் ஓய்வைக் கட்டாயமாக்கினார்கள்; 1883இல் நோய் இன்ஷ்யூரன்ஸ் சட்டம் கொண்டுவந்தபோது அந்த வாரங்களுக்குப் பணமும் வைத்தார்கள். பிஸ்மார்க் தயாள குணத்துக்குப் பேர் போனவர் அல்ல. தொழிலாளி தம் எதிரிகளின் கட்சிக்குப் போய்விடக் கூடாதே என்ற கவலை அவருக்கு. கவலையால் வந்தாலும் பணம் பணம்தான்.

1919இல், முதல் உலக யுத்தம் ஓய்ந்த கையோடு, சர்வதேசத் தொழிலாளர் மகாநாடு வாஷிங்டனில் முதன்முதலாகக் கூடியது. இந்தியத் தொழிலாளர் பிரதிநிதியாகப் போனவர் என். எம். ஜோஷி. அங்கே செய்த ஒப்பந்தங்களில் மூன்றாவது பிரசவப் பாதுகாப்பு. பிரசவத்துக்கு முன் ஆறு வாரம், பின் ஆறு வாரம். அந்தக் காலத்தில் அவளை வேலையை விட்டு நீக்கக் கூடாது. டாக்டரோ மருத்துவச்சியோ இலவசமாகப் பார்க்க வேண்டும். வேலைக்குத் திரும்பியவளுக்குப் பிள்ளைக்குப் பால் கொடுக்கத் தினம் இரண்டு அரைமணி. அதே மகாநாடு ஈய விஷத்திலிருந்து பெண்களையும் குழந்தைகளையும் காக்க ஒரு சிபாரிசும் செய்தது. ஸ்டாஃபோர்ட்ஷையர் பெண்களின் கணக்கு கடல் தாண்டி வந்து சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த ஒப்பந்தத்தில் ஒரு வரியை வாசகர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். தாய்க்கும் சேய்க்கும் வேண்டிய பணம் பொது நிதியிலிருந்து வரலாம், அல்லது இன்ஷ்யூரன்ஸ் மூலம் வரலாம் என்று அது சொன்னது. அந்தந்த முதலாளி தன் பையிலிருந்து கொடுக்கட்டும் என்று சொல்லவில்லை. 1952இல் இந்த ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதியபோது, தனி முதலாளி தலையில் இந்தச் செலவைக் கட்டவே கூடாது என்று வெளிப்படையாகவே எழுதினார்கள். காரணம் லேசானது. ஒரு பெண்ணை வேலைக்கு வைத்தால் நாளைக்கு அவளுக்குப் பிரசவச் செலவு நாம் கொடுக்க வேண்டும் என்று தெரிந்தால், முதலாளி அவளை வேலைக்கே வைக்க மாட்டான்.

இந்தியாவில் சர்க்கார் நிலைமையை ஆராய்வதாகச் சொன்னது. பம்பாய் சர்க்கார் நியமித்த டாக்டர் பார்ன்ஸ் என்ற வைத்திய அம்மாள் ஆலைப் பெண்களின் பேட்டைகளில் போய்ப் பார்த்துவிட்டு 1922இல் கொடுத்த அறிக்கையை நான் படித்த அன்றைக்கு வேறு வேலை ஓடவில்லை. ஆலைக்குப் போகிற தாய்மார்களின் கைக்குழந்தைகளில் நூற்றுக்கு 98க்கு அபின் கொடுக்கப்படுகிறது என்கிறார். தாய் திரும்பி வருகிறவரைக்கும் குழந்தை அழாமல் தூங்க வேண்டுமே! கொடுத்தவள் ராட்சசி இல்லை. அவளுக்கு வேறு ஆயா கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஜோஷி 1924இல் மத்திய சட்டசபையில் பிரசவ உதவி மசோதா கொண்டுவந்தார். அடுத்த வருஷம் அது தோற்றது. இந்தியப் பெண்கள் தாங்களே ஊருக்குப் போய் ஓய்வெடுத்துக்கொள்கிறார்கள், சட்டம் எதற்கு என்பது போன்ற வாதங்கள் அந்தக் காலத்தில் தாராளமாகக் கிடைத்தன. பிறகு காரியம் மாகாணங்களுக்கு வந்தது. 1928 ஜூலையில் பம்பாய்ச் சட்டசபையில் மசோதா விவாதம் நடந்தபோது டாக்டர் அம்பேத்கர் எழுந்தார். தாய்க்குப் பிரசவத்துக்கு முன்னும் பின்னும் ஓய்வு கிடைப்பது தேசத்துக்கே நன்மை. ஆகையால் இந்தச் சுமையில் பெரும் பங்கைச் சர்க்கார் சுமப்பதுதான் நியாயம் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் அதைச் சாக்காக வைத்து முதலாளி நழுவ முடியாது என்றார். ஆண்களை வைக்காமல் பெண்களை வைப்பதில் லாபம் இருப்பதால்தானே வைக்கிறீர்கள்? லாபத்தை எடுத்துக்கொள்கிறவர் அதோடு வருகிற பொறுப்பிலும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ள வேண்டாமா என்பது அவருடைய வாதம். 1929இல் பம்பாய்ச் சட்டம் நிறைவேறிற்று. தினம் எட்டணா. 1930இல் மத்திய மாகாணம். 1934இல் நம் சென்னை மாகாணச் சட்டம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்களுக்கு 1939இல் அந்தத் தீவின் சட்டம் வந்தது.

இந்தச் சட்டங்கள் எல்லாம் முதலாளியே கொடுக்க வேண்டும் என்றவை. அம்பேத்கர் சொன்ன இரண்டு பாதியில் ஒன்றை எடுத்துக்கொண்டு சர்க்காரின் பாதியை மரியாதையாக மறந்துவிட்டார்கள். அப்புறம் நடந்தது வாஷிங்டனில் பயந்தபடிதான். ஆலைகளில் நூல் சுற்றுகிற பிரிவுகளில் இருந்த பெண்களின் தொகை பத்து வருஷத்துக்குப் பத்து வருஷம் தேய்ந்தது. புது யந்திரங்களும் இராத்திரி வேலைத் தடையும் அதற்குக் காரணம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் கல்யாணம் ஆகாதவளாகப் பார், விதவையாகப் பார், பிள்ளை பெற்று முடித்தவளாகப் பார் என்று தேடிய மேஸ்திரிகள் யந்திரத்துக்காகத் தேடவில்லை. சுரங்கத்தில் இன்னொரு வேடிக்கை. பூமிக்கடியில் பெண்களை இறக்கக் கூடாது என்று 1937இல் தடை செய்தார்கள். 1941இல் சுரங்கப் பெண்களுக்குப் பிரசவச் சட்டமும் வந்தது. 1943இல் யுத்தத்துக்கு நிலக்கரி போதவில்லை. தடையைத் தூக்கிப் பெண்களை மறுபடி இறக்கினார்கள். 1946இல் திரும்பவும் தடை.

சுதந்திரத்துக்குப் பிறகு 1948இல் இ.எஸ்.ஐ. சட்டம் வந்தது. என் கணக்கில் இந்த நூறு வருஷத்துக் கதையில் புத்திசாலித்தனமான காரியம் அது ஒன்றுதான். பல முதலாளிகளும் தொழிலாளிகளும் கட்டுகிற சந்தா ஒரு பொதுப் பெட்டியில் சேரும். பிரசவப் பணம் அந்தப் பெட்டியிலிருந்து வரும். எந்த முதலாளிக்கும் தன் பட்டறைப் பெண் கர்ப்பமானால் தனி நஷ்டம் கிடையாது. அதே வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்தால் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது; 1976இல் அதை முப்பதாகக் குறைத்தார்கள். 1951இல் தோட்டத் தொழிலாளர் சட்டம். மலைத் தோட்டங்களில் காப்பகம் பழைய சங்கதிதான். இலங்கைப் பக்கம் அதைப் பிள்ளை மடுவம் என்பார்கள். நல்ல தமிழ். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இவ்வளவு நல்ல வார்த்தை எனக்கு அகப்படவில்லை.

இ.எஸ்.ஐ. எட்டாத இடங்களுக்காக 1961 டிசம்பரில் மத்தியச் சட்டம் நிறைவேறிற்று. 1963 நவம்பரில் அமலுக்கு வந்தது. பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் வேலை வாங்கவே கூடாது. பிரசவத்துக்கு முன், அவள் கேட்டால், கடினமான வேலையும் நெடுநேரம் நிற்கிற வேலையும் கொடுக்கக் கூடாது. விடுப்பில் இருக்கிறவளை நீக்கக் கூடாது. பிள்ளைக்குப் பதினைந்து மாதம் ஆகிறவரை தினம் இரண்டு தடவை பால் கொடுக்க நேரம். எல்லாம் நல்ல விதிகள். பணம் மட்டும் மறுபடி தனி முதலாளியின் பையிலிருந்து. எட்டணாவுக்கும் வாரத்துக்கும் நடந்த பேரம் அதனால்தான் ஓயவில்லை. பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் வந்தது அங்கிருந்துதான்.

லேபர் கோர்ட்டு அந்தப் பெண்ணின் பக்கம் நின்றது. நிர்வாகம் விடவில்லை. வழக்கு ஹைகோர்ட்டு தாண்டி டில்லிக்குப் போய், 1977 அக்டோபர் 12ஆம் தேதி தீர்ப்பாயிற்று. வாரம் என்றால் ஞாயிறும் சேர்ந்த ஏழு நாள்தான் என்றது சுப்ரீம் கோர்ட்டு. அதோடு நிற்கவில்லை. இந்தச் சட்டம் அவள் அந்த வாரங்களில் உயிரோடு இருந்தால் போதும் என்பதற்காகப் போட்டதல்ல. இழந்த தெம்பை மீட்கவும், பிள்ளையை வளர்க்கவும், திரும்பி வந்து முன்போல் வேலை செய்யவும் வழி செய்வதற்காகப் போட்டது. ஆகவே அந்த நோக்கத்துக்கு இசைய அர்த்தம் செய்ய வேண்டும் என்றது. அரசியல் சட்டத்தின் 42ஆம் ஷரத்து, மனிதத் தன்மையுள்ள வேலை நிலைமையையும் பிரசவ கால உதவியையும் பற்றிப் பேசுவதை எடுத்துக் காட்டியது. பன்னிரண்டு நாள் கூலி. 1967இல் பிறந்த குழந்தைக்கு அன்றைக்குப் பத்தாவது வயது நடந்திருக்கும்.

அதற்கப்புறம் சட்டம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. உதவி கிடைக்க 160 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும் என்றிருந்ததை 1988இல் 80 நாளாகக் குறைத்தார்கள். 2000 மார்ச் 8இல் இன்னொரு பெரிய தீர்ப்பு. டில்லி முனிசிபல் கார்ப்பரேஷனில் ரோடு வேலையும் மண் வேலையும் பார்த்த தினக்கூலிப் பெண்களுக்குப் பிரசவ உதவி கிடையாது, அவர்கள் நிரந்தர ஊழியர்கள் அல்ல என்று கார்ப்பரேஷன் சொன்னது. நிரந்தரமானவளுக்கு மட்டும் என்று சட்டத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டது சுப்ரீம் கோர்ட்டு. 2017இல் முதல் இரண்டு பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வாரம் இருபத்தாறு வாரமாயிற்று. ஆபீஸ் பெண்கள் சந்தோஷப்பட்டார்கள், சந்தோஷப்பட வேண்டியதுதான். 2020இல் இயற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு பழைய சட்டத்தைத் தன்னுள் இழுத்துக்கொண்டது. 80 நாள் நிபந்தனை அப்படியே இருக்கிறது.

அந்த 80 நாளை யார் எண்ணுவது?

விருத்தாசலத்தில் ஒரு வெயில் நாளில், மங்களூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து முப்பது வருஷம் பொம்மைப் பட்டறைகளில் அச்சு ஊற்றிய ஒரு கிழவியோடு பேசிக்கொண்டிருந்தேன். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டேன்.

"பெத்தது ஏழு. தங்குனது நாலு."

"வேலைக்குப் போகிறபோது பிரசவத்துக்கு எத்தனை நாள் லீவு கொடுத்தாங்க, ஆயா?"

"லீவா? நாம போவலேன்னா அதான் லீவு. அதுக்கு அவங்க என்னா தம்பி குடுக்கறது?"

கடைசிப் பையன் பிறந்த அன்றைக்கு மத்தியானம்வரை அச்சு ஊற்றினாளாம். இடுப்பில் வலி எடுத்ததும் கையைக் கழுவிவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனாளாம். திரும்ப எப்போது போனாய் என்றால், "தீட்டு கழியணுமில்ல? முப்பது நாளு" என்கிறாள். தீட்டைப் பற்றி நாம் எவ்வளவோ ஏளனம் பேசியிருக்கிறோம். ஆனால் வாஷிங்டன் ஒப்பந்தம் எட்டாத இடத்தில் அந்த அம்மாளுக்கு ஒரு மாத ஓய்வு வாங்கிக் கொடுத்தது அதுதான். பணம் வாங்கிக் கொடுக்க அதற்கு வழியில்லை.

"முப்பது நாளும் சாப்பாட்டுக்கு என்ன செய்தீங்க?"

"முன்பணம். அப்பறம் பொம்மைக் கணக்குல கழிச்சிக்குவாங்க."

எத்தனை நாள் வேலை செய்தாய் என்று எங்கேயாவது எழுதி வைத்திருந்தார்களா என்று கேட்டேன். அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. நாளை ஏன் எழுத வேண்டும்? பொம்மையைத்தான் எண்ணினார்கள். உடைந்தது போக நூற்றுக்கு இத்தனை ரூபாய். பத்துப் பேருக்குள் வேலை செய்கிற பட்டறையில் இ.எஸ்.ஐ. சீட்டும் கிடையாது, மஸ்டர் ரோலும் கிடையாது. டில்லிப் பெண்களுக்காவது பேர் எழுதிய ஒரு காகிதம் இருந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு சுப்ரீம் கோர்ட்டு வாசலில் நிற்க முடிந்தது.

இப்போது காலம் அவ்வளவு மோசமில்லை என்று அவளே சொன்னாள். தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் ஏழைத் தாய்மார்களுக்கு ஒரு திட்டம் இருக்கிறது. 1987இல் 300 ரூபாயோடு ஆரம்பித்தது, வளர்ந்து வளர்ந்து 18,000 ரூபாய்க்கு வந்தது. அதில் ஒரு பங்கு சத்துணவுப் பெட்டகமாகக் கையில் கிடைக்கும். எங்கே வேலை பார்த்தாய், எத்தனை நாள் பார்த்தாய் என்று அதில் கேட்பதில்லை. அம்பேத்கர் 1928இல் சொன்ன சர்க்காரின் பாதி, அறுபது வருஷம் கழித்து, நம் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்து வாசல் வழியாக உள்ளே நுழைந்திருக்கிறது. வாரக் கணக்கில் வகுத்துப் பார்த்தால் இருபத்தாறு வாரக் கூலிக்கு அது காணாது. ஆனாலும் அந்த வாசல் திறந்திருக்கிறது.

கிழவியின் மருமகளும் பொம்மைப் பட்டறையில்தான் இருக்கிறாள். திண்ணைக்குப் பக்கத்தில் தூளி ஆடிக்கொண்டிருந்தது. சர்க்கார் பணம் வந்ததா என்று கேட்டேன்.

"மொதத் தவணை வந்திச்சி தம்பி. பேங்கில போயி எடுத்தாந்தா."

"பிள்ளைக்கு ஏதாவது வாங்கினீங்களா?"

"எங்க வாங்கறது? ஏழாம் மாசத்துல குனிய முடியலேன்னு வேலைக்குப் போவல. அப்ப வாங்குன முன்பணம் நின்னுச்சி. கொண்டுபோயி அவங்ககிட்டக் கட்டிட்டா."